ஒரே கொக்கியில் எஞ்சினும் தொட்டிலும்

கார் பட்டறைக்கு வருகிற யாருமே வண்டியில் கோளாறு என்று சொல்லிக்கொண்டு வர மாட்டார்கள். "சும்மா ஒரு சத்தம், என்னன்னு பாத்துருங்க" என்றுதான் வருவார்கள்.

புருஷன் ஒரு கடை வைத்தால் பாதிக் கடை பெண்டாட்டி தலையில் தானாக வந்து விழும். டீக்கடை, தையல் கடை, சைக்கிள் கடை என்று அப்படி மாட்டிக்கொண்ட அக்கா தங்கச்சிகளே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். படித்துவிட்டுச் சிரித்தாலும் சரி, "அய்யோ, நம்ம பாடுதான் இங்கேயும்" என்று தலையில் அடித்துக்கொண்டாலும் சரி.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வெளி ஆட்களிடம் பேச்சும் வராது. பஸ்சில் டிக்கெட் எடுக்கக்கூட பக்கத்து சீட்டுக்காரம்மாவை எடுத்துத் தரச் சொல்கிற ஆள். எங்கள் வீட்டுக்காரர் சின்ன வயசிலிருந்து போடியில் ஒரு பெரிய பட்டறையில் வேலை பார்த்தவர். போன ஆவணியில் சொந்தமாகக் கடை வைக்கிறேன் என்று முந்தல் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை போட்டார். மலை மேட்டுக்கு ஏறுகிற வண்டியும் மேட்டிலிருந்து இறங்குகிற வண்டியும் நம்ம வாசலைத் தாண்டித்தான் போகணும் என்று கணக்குப் போட்டார். கணக்கு சரிதான். எல்லா வண்டியும் தாண்டித்தான் போனது.

எங்கள் பக்கம் ஒரு பட்டறை நிலைக்க வேண்டுமென்றால் ஸ்டாண்டு ஜீப்புகள் வரவேண்டும். ஏலக்காய் எடுக்கிற பெண்களைக் காலையில் மேலே கேரளா எஸ்டேட்டுகளுக்கு ஏற்றிப்போய், சாயந்தரம் இறக்கிக் கொண்டுவருகிற ஜீப்புகள் அவை. தினமும் ஏறி இறங்குவதால் தினமும் ஏதாவது தேயும். "தைப்பொங்கல் வரைக்கும் பாப்போம். ஸ்டாண்டு ஜீப்பு வந்தா இங்கேயே நிப்போம். வரலைன்னா திருப்பூருக்குப் போயிருவோம்" என்று அவர் சொல்லிவிட்டார். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிற என் அண்ணன் எங்கள் இரண்டு பேருக்கும் வேலை சொல்லி வைத்திருந்தான். ஆனால் இரண்டு பேரும் வேலைக்குப் போனால் பாப்பாவை யார் பார்ப்பது? இன்னும் பால்குடி மறக்காத பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டுத்தான் போகவேண்டும். அன்றிலிருந்து ரோட்டில் ஜீப்பு சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடிப்போய் எட்டிப் பார்ப்பேன்.

போனில் ஒரு சத்தம்

கடை திறந்த புதிது. பக்கத்துத் தேவாரம் ஊரிலிருந்து ஒரு விவசாயி பழைய கார் ஒன்றைக் கொண்டுவந்தார். வாழைத்தார் ஏற்றி ஏற்றிப் பின்சீட்டையே கழற்றிப் போட்டுவிட்ட கார். எங்கள் வீட்டுக்காரர் சாமான் வாங்க போடிக்குள் போயிருந்தார். வந்தவர் "சும்மா ஒரு சத்தம்தான் ஆத்தா" என்று, அந்தச் சத்தத்தை வாயாலேயே போட்டுக் காட்டிவிட்டு எதிர்த்த டீக்கடைக்குப் போய்விட்டார்.

நான் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "என்ன சத்தம்?" என்றார். "ஒரு மாதிரி சத்தம்" என்றேன். "ஒரு மாதிரின்னா என்ன சாமான் வாங்குறது? அவர் பண்ணினாப்ல நீயும் பண்ணிக் காட்டு புள்ள!" என்றார். எனக்கு உடம்பே கூசிப்போனது. சுவரைப் பார்த்துத் திரும்பி, முந்தானையை வாய்க்குக் குடை மாதிரி பிடித்துக்கொண்டு, "கிர்ர்ர்... டொக்கு. கிர்ர்ர்... டொக்கு" என்றேன். "நேராப் போகையிலயா, வளைக்கையிலயா?" என்றார். அவருக்குப் புரியட்டும் என்று ஒரு கையால் ஸ்டியரிங் வளைப்பது போல வளைத்துக்கொண்டே இன்னும் இரண்டு தடவை பண்ணினேன். போனில் கை தெரியாது என்பதுகூட அப்போது தோன்றவில்லை. பண்ணி முடித்துத் திரும்பினால், டீ கிளாசும் கையுமாக அந்த விவசாயி நிற்கிறார். அவருக்குப் பின்னால் டீக்கடையில் இருந்த மொத்தப் பேரும் நிற்கிறார்கள். பூமி பிளக்காதா என்று இருந்தது எனக்கு. அவரோ ஒரு வாய் டீ குடித்துவிட்டு, நிதானமாகச் சொன்னார்: "எல்லாம் சரிதான் ஆத்தா, அந்த டொக்கு மட்டும் இன்னுங் கொஞ்சம் மூக்கால வரணும்."

பாப்பா எழுந்திரிக்கட்டும்

எங்கள் கொட்டகையில் கனம் தாங்குகிற இடம் ஒன்றே ஒன்றுதான். எஞ்சின் தூக்குவதற்காகக் குறுக்கே போட்ட இரும்புக் கம்பியும், அதில் தொங்குகிற சங்கிலிக் கொக்கியும். எஞ்சின் வராத நேரம் அதிலேயே என் பழைய சேலையைக் கட்டி பாப்பாவுக்குத் தொட்டில் போட்டுவிடுவேன். எஞ்சின் வராத நேரம்தானே அதிகம்!

ஒருநாள் மூணாறுக்கு ஆள் ஏற்றுகிற டாக்சிக்காரர் ஒருவரின் எஞ்சின் வேலை முடிந்து தரையில் இருந்தது. தூக்கிக் காருக்குள் வைத்தால் தீர்ந்தது. ஆனால் பாப்பா அப்போதுதான் அழுது அழுது தூங்கியிருந்தாள். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் தொட்டிலைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றேன். எழுப்ப மாட்டேன் என்று வாய்விட்டுச் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது, விலகவும் மனசில்லை. டாக்சிக்காரர் தொட்டிலைப் பார்த்தார், எஞ்சினைப் பார்த்தார், பிறகு ஒரு டயர் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் அவருடைய போன் அடித்தது. அவரைக் கூப்பிட்டிருந்த பார்ட்டி. பாவம், பாப்பா முழித்துவிடுவாளே என்று போனைக் கையால் பொத்திக்கொண்டு கிசுகிசுவென்று பேசினார்: "கெளம்பிட்டேன் சார்... எஞ்சினு மட்டும் ஏத்தணும் சார்... கொக்கியில பாப்பா தூங்குது சார், அது எந்திரிச்சதும் வந்துர்றேன்."

பால்ச்சாமி அண்ணன் வந்தார், போனார்

ஸ்டாண்டில் பால்ச்சாமி அண்ணன் சொன்னால் சொன்னதுதான். அவர் ஜீப்பு எந்தப் பட்டறைக்குப் போகிறதோ அங்கேதான் மற்ற ஜீப்புகளும் போகும். ஒருநாள் மத்தியானம் அவருடைய ஜீப்பு எங்கள் வாசலில் வந்து நின்றது. வீட்டுக்காரர் ஒரு காருக்கு அடியில் படுத்திருந்தார். நான் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு அவருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் பத்து, பன்னெண்டு என்று நம்பர் சொல்லிக் கேட்கும் முன்பே கொடுக்கிற அளவுக்குப் பழகியிருந்தேன்.

பால்ச்சாமி அண்ணன் உள்ளே ஒரு கால் வைத்தார். என் கையில் ஸ்பேனரைப் பார்த்தார். வைத்த காலை எடுத்துவிட்டார். நல்ல மனுசன், பாப்பா கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சினார், சட்டைப் பையிலிருந்து ஒரு கடலை மிட்டாய் எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறி, கிளம்பும்போது தலையை வெளியே நீட்டிச் சொன்னார்: "தப்பா நெனைக்காத தாயி, பொம்பள ஸ்பேனர் புடிச்ச வண்டி மேட்டுல ஏறாது."

எலி பொறுக்கிய காய்

அன்று சாயந்தரம் அழுவதற்கு நேரம் ஒதுக்கி வைத்திருந்தேன். ஆனால் போடியில் ஏலக்காய் வியாபாரம் பார்க்கிற முதலாளி ஒருவர் காரைக் கொண்டுவந்து அதைக் கெடுத்துவிட்டார். வண்டி இழுக்கவில்லை, மூச்சு முட்டுகிறது, மற்றபடி சும்மா ஒரு சத்தம் என்றார். வீட்டுக்காரர் ஏர் பில்டர் டப்பாவைத் திறந்தார். உள்ளே ஒரு எலி, பஞ்சை எல்லாம் கடித்து மெத்தை போட்டு, அதற்கு மேல் ஏலக்காயாக அடுக்கி வைத்திருந்தது. கொட்டகை பூராவும் பாயாசம் வைத்த வீடு மாதிரி மணத்தது.

முதலாளி கோபப்படுவார் என்று நான் இரண்டு எட்டு பின்னால் போய்விட்டேன். அவர் காரையே மறந்துவிட்டார். காயை அள்ளி உள்ளங்கையில் பரப்பி, ஊதி, வெளிச்சத்துக்குத் திருப்பி, ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றுகூட சப்பைக் காய் இல்லை, வெடித்த காய் இல்லை. எல்லாம் உருண்டு திரண்ட பச்சைக் காய். குடோனில் பொறுக்கி வைத்த மூட்டைக்குள் புகுந்து, பொறுக்கினதிலும் பொறுக்கி எடுத்துவந்திருக்கிறது அந்த எலி. முதலாளி முகத்தில் ஒரு மரியாதையே வந்துவிட்டது. போகும்போது வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "தம்பி, அந்த எலி மறுபடி மாட்டுச்சுன்னா அடிச்சிராத. குடோனுக்கு அனுப்பிவிடு, எனக்கு அப்பிடி ஒரு ஆள்தான் வேணும்."

முட்டி சொன்ன சேதி

மார்கழி பிறந்துவிட்டது. ஒரு ஜீப்பும் வரவில்லை. அண்ணன் திருப்பூரிலிருந்து போன் போட்டு, ரூம் பார்த்துவிட்டதாகச் சொன்னான். மாமியார் பாப்பாவைத் தன்னோடு படுக்கவைத்துப் பழக்க ஆரம்பித்துவிட்டார்.

ஆனால் ஒன்று. சாயந்தரம் காய் எடுத்துவிட்டு வருகிற பெண்கள் எங்கள் கொட்டகைக்குப் பக்கத்தில்தான் இறங்குவார்கள். தொட்டிலைப் பார்த்துவிட்டு, பாப்பாவைக் கொஞ்ச உள்ளே வருவார்கள். பெண்களிடம் எனக்குக் கூச்சம் கிடையாது. அப்படிப் பேசும்போதுதான் தெரிந்தது, எந்த ஜீப்புக்கு என்ன நோவு என்பது டிரைவர்களைவிட இவர்களுக்கு நன்றாகத் தெரியும். கடைசியில் உட்காருகிறவளுக்குப் புகை தெரியும். சக்கரத்துக்கு மேலே உட்காருகிறவளுக்கு ஸ்பிரிங் தெரியும். பால்ச்சாமி அண்ணன் ஜீப்பில் போகிற வீராயி அக்கா முட்டியைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "எறங்கும்போது கொண்டை ஊசி பெண்டுல பிரேக்கு போட்டா வண்டி ஒரு பக்கமா வெட்டுது புள்ள. எம்முட்டி எதுத்தாப்ல இருக்கவ முட்டியில போய் நங்குன்னு இடிக்குது."

இதை வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. ஒரு பக்கத்துச் சக்கரத்தில் பிரேக் பிடிக்கவில்லை, மலை வளைவில் இது விளையாட்டு இல்லை என்றார். "போய் பால்ச்சாமி அண்ணன்கிட்ட சொல்லுங்க" என்றேன். அவரும் ஸ்டாண்டுக்குப் போய்ச் சொன்னார். வேலை பிடிக்கிறதுக்காகக் கதை விடுகிறான் என்று அங்கே சிரித்தார்களாம். மறுநாள் சாயந்தரம் வீராயி அக்காவிடமே பிரேக் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவர் பதறவில்லை. வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார்: "ஏண்டி, இம்புட்டு நாளா நான் முட்டிக்குத் தைலம் தேய்க்கிறேன், தைலம் தேய்க்க வேண்டியது வண்டிக்கா?"

ஏறாத பெண்கள்

மறுநாள் விடிகாலையில் ஸ்டாண்டில் பால்ச்சாமி அண்ணன் ஜீப்பைக் கிளப்பிக்கொண்டு நிற்க, ஒருத்தியும் ஏறவில்லையாம். "முந்தல் ரோட்டுப் பட்டறைக்குப் போ, பிரேக்கைப் பாத்துட்டு வா, ஏறுறோம்" என்று வீராயி அக்கா சொல்லிவிட்டார். பால்ச்சாமி அண்ணனுக்குப் பயந்து மற்ற ஜீப்புக்காரர்களும் இவர்களை ஏற்றவில்லை. மேலே எஸ்டேட்டிலிருந்து சூப்பர்வைசர் "எவிடெ? எவிடெ?" என்று, எங்கே ஆட்கள் எனக் கேட்டு மலையாளத்தில் போனில் கத்த ஆரம்பித்துவிட்டார்.

நான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால், முந்தல் ரோட்டில் தலையில் துண்டும் கையில் தூக்குவாளியுமாக அத்தனை பெண்களும் நடந்து வருகிறார்கள். அவர்களுக்குப் பின்னால், ஆளே இல்லாத ஜீப்பு, தேர் மாதிரி அசைந்து அசைந்து வருகிறது. உள்ளே பால்ச்சாமி அண்ணன், உற்சவ மூர்த்தி மாதிரி யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறார். நான் வாளியோடு கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

வீட்டுக்காரர் சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே பிரேக் ஆயில் கசிந்து சொதசொதவென்று நனைந்து கிடந்தது. பால்ச்சாமி அண்ணன் குனிந்து பார்த்தார். பெண்கள் பட்டறை பூரா உட்கார்ந்து, மத்தியானச் சோற்றைக் காலையிலேயே பிரித்துவிட்டார்கள். வீட்டுக்காரர் "பன்னெண்டு கொண்டா, வெரசா!" என்று கத்தினார். அத்தனை பேர் முன்னால் நான் வெளியே வந்து ஸ்பேனரை எடுத்தேன். பால்ச்சாமி அண்ணன் கண் ஸ்பேனர் மேல் போனது. அதைப் பார்த்துவிட்ட வீராயி அக்கா, சோற்றுக் கையோடு சொன்னார்: "என்ன பால்ச்சாமி, பொம்பள தொட்ட வண்டி மேட்டுல ஏறாதுன்னியாமே? பொம்பளைக ஏறாத வண்டி மட்டும் எங்க ஏறிருச்சு?"

ரெண்டு முட்டிக்கும் நடுவில்

வேலை முடிந்தது. வீட்டுக்காரர் வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, சரியாகிவிட்டது என்றார். பெண்கள் விடவில்லை. "இந்தப் புள்ளையும் எங்களோட ஏறட்டும். அவ ஏறுனாத்தான் நாங்க நம்புவோம்" என்று, பாப்பாவோடு சேர்த்து என்னையும் உள்ளே இழுத்துப் போட்டார்கள். பொறந்ததிலிருந்து மலை அடிவாரத்திலேயே இருந்தும் அதுவரை நான் மேட்டுக்குப் போனதில்லை. ஒரு பக்கம் பயம். இன்னொரு பக்கம், ஏனென்றே தெரியாமல் சிரிப்பாக வந்தது.

சில வளைவுகள் ஏறிவிட்டு, ஒரு அகலமான இடத்தில் பால்ச்சாமி அண்ணன் வண்டியைத் திருப்பி இறக்கினார். எல்லாருடைய கண்ணும் வீராயி அக்கா முட்டி மேலேயே இருந்தது. அவரும் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, பரீட்சைக்கு உட்கார்ந்தவர் மாதிரி முட்டியை நேராக வைத்துக்கொண்டிருந்தார். வளைவு வந்தது. அண்ணன் பிரேக்கை மிதித்தார். வண்டி சொன்னபடி கேட்டது. முட்டி அசையவில்லை.

அவ்வளவுதான், ஜீப்பே அதிரக் குலவை போட்டார்கள். ரோட்டோரச் சுவரில் உட்கார்ந்திருந்த குரங்கெல்லாம் குதித்து ஓடின. பாப்பா கை தட்டினாள். நானும் குலவை போட்டேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு ஞாபகம் இல்லை. வீராயி அக்கா மட்டும் முட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு அறிவித்தார்: "ரெண்டு முட்டிக்கும் நடுவுல ஒரு தூக்குவாளியே வைக்கலாம்டி!"

என்னை வாசலில் இறக்கிவிட்டபோது பால்ச்சாமி அண்ணன் எஞ்சினை அணைக்கவில்லை. தலையை மட்டும் வெளியே நீட்டிச் சொன்னார்: "நாளைலருந்து ஸ்டாண்டு வண்டியெல்லாம் இங்கதான் வரும் தாயி. ஆனா ஒண்ணு கேட்டுக்க. என் வண்டிக்கு நோவுன்னா மொத எங்கிட்ட சொல்லு, இந்தப் பொம்பளைககிட்ட மட்டும் சொல்லிப்புடாத."

பாப்பா இப்போது என் பக்கத்தில்தான் படுக்கிறாள், பொங்கலுக்கு முன்பே வாசலில் ஜீப்புகள் வரிசை கட்டி நின்றன, நாங்களும் இங்கேயே நிலைத்துவிட்டோம். திருப்பூருக்குப் போயிருந்தால் ஞாயிற்றுக்கிழமையாவது லீவு கிடைத்திருக்கும்.