ஸ்டெல்லா டீச்சரின் மழை வரிசை

ஞாயிற்றுக்கிழமை காலை, பாலக்காட்டுப் பக்கம் பெருமாட்டியில், என் வீட்டு முற்றத்தில் தேங்காய் உரிக்க வந்தவருக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. வண்டன்மேட்டிலிருந்து செல்வி. "டீச்சர், ஸ்டெல்லா டீச்சர் போயிட்டாக. விடியக்காலம், தூக்கத்துலயே" என்றாள். "அங்கே மழையா?" என்று கேட்டேன். அப்படிக் கேட்டதற்காக யாரும் என்னைத் தப்பாக நினைக்க வேண்டாம். ஸ்டெல்லா டீச்சரைப் பற்றி எந்தப் பேச்சை எடுத்தாலும் அது வானிலையில்தான் தொடங்கும் என்பது எங்கள் மலைப் பள்ளியில் அவரோடு பழகிய உங்களுக்குத் தெரியும்.

எழுபதுகளின் நடுவில் அரசு வேலை கிடைத்து நான் மலையேறினேன். வண்டன்மேட்டுப் பக்கத்துத் தமிழ்ப் பள்ளியில் அவர் எனக்கு மூன்று வருஷம் மூத்த ஆசிரியை. திருநெல்வேலிப் பக்கமிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்த குடும்பம். எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே குவார்ட்டர்ஸ், இரண்டு கட்டில், ஒரு ஸ்டவ். முதல் நாளே என் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்.

"ஏங்க, உங்க ஊர்ல ஆட்டுக்குட்டிக்கும் 'ங்க' போடுவீகளா?"

"முட்டாத ஆடா இருந்தா போடுவோமுங்க" என்றேன்.

அன்றிலிருந்து சிநேகம்.

துண்டுத் துணிகளை இணைத்து அவர் தைத்துவந்த ஒட்டுப்போர்வையை முதலில் பார்த்தபோது, பழந்துணியை வீணாக்காமல் தைக்கிறார் என்றுதான் நினைத்தேன். ஒரு சாயங்காலம் அதை விரித்துக் காட்டினார். பருவத்துக்கு ஒரு வரிசை. பங்குனியில் முதல் மழை விழுந்து காப்பிச் செடி பூக்கிறபோது தொடங்குவார். அந்த வரிசை முழுக்க வெள்ளைத் துண்டுகள். ஆனி, ஆடிக்குக் கருநீலம், சாம்பல். ஏலக்காய் எடுப்பு மும்முரமாகும் மாதங்களுக்குப் பச்சை. மார்கழிக்கு எங்கிருந்தாவது சிவப்புத் துணி தேடிக்கொண்டு வந்துவிடுவார். ஒரு வருஷம் பள்ளி நாடகத்து ராஜாவின் அங்கி அதற்குப் பலியானது. வேலை முடிந்து வந்ததும் ஜன்னலோரம் உட்கார்ந்து, அன்றைய வானத்தைப் பார்த்துவிட்டு ஒரு துண்டு தைப்பார். ஒன்றுதான். "இன்னும் வெளிச்சம் இருக்கே, இன்னொன்னு தைக்கலாமே" என்றால், "நாளைக்கு ஒரு நாள் வருதுல்ல, அதுக்கு என்ன குடுப்பேன்?" என்பார். "ஒரு வருஷத்தையே இழுத்துப் போர்த்திக்கிட்டுத் தூங்கலாம், பாத்துக்கோங்க."

எனக்கு அந்த மழை பிடிக்கவேயில்லை. பாலக்காட்டுச் சீமையில் மழை விருந்தாளி. மலையில் அது வீட்டுக்காரன். நாம்தான் ஓரமாக இருந்துகொள்ள வேண்டும். நான் புலம்பும்போதெல்லாம் அவர் தன் மழை வரிசையைத் தொட்டுக் காட்டுவார். அதில் ஒரே நீலம் இரண்டு தரம் வந்ததில்லை. "மழைன்னு ஒத்தச் சொல்லாச் சொல்லிப்புட்டா எப்படி? நேத்துப் பெஞ்சது வேற, இன்னைக்குப் பெய்யறது வேற." கணக்குப் பாடம் நடத்துகிறவர்கள் இப்படித்தான், எதையும் மொத்தமாக விடமாட்டார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

இனி, அந்த ஆடி மாதத்துச் சம்பவம். உங்களில் பழையவர்களுக்கு இது தெரிந்திருக்கும். செல்வியின் வயதுக்காரர்களுக்காக எழுதுகிறேன்.

பள்ளிக்குக் கீழே ஏலக்காய் ஸ்டோர். பச்சைக் காயைத் தட்டுகளில் பரப்பி, வெளியே விறகு எரித்து, உள்ளே ஓடும் இரும்புக் குழாய்ச் சூட்டில் உலர்த்துகிற அறை. மழைக்காலத்தில் அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஓர் ஈடு காய் இறங்கி அடுத்த ஈடு ஏறுவதற்குள், மிச்சச் சூட்டில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீட்டுப் பெண்கள் ஈரத்துணியைக் காயவைத்து எடுத்துக்கொள்வார்கள். முதலாளி சரி என்றும் சொன்னதில்லை, கூடாதென்றும் சொன்னதில்லை. ஒரே கட்டுப்பாடு, வாசனையுள்ள எதுவும் உள்ளே போகக் கூடாது. பால் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நறுக்கிய வெங்காயத்தை வைத்தால் என்ன ஆகும்? ஏலக்காயும் அப்படித்தான், பக்கத்தில் இருப்பதன் மணத்தைப் பிடித்துக்கொள்ளும்.

ஸ்டோரைப் பார்த்துக்கொண்டவர் பொன்னையா. அவர் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். பிறக்கப்போகும் பிள்ளைக்காக ஸ்டெல்லா டீச்சர் ஒரு போர்வை தைத்தார். மெத்தென்று இருக்கட்டும் என்று, ஊரிலிருந்து அத்தை தகரப்பெட்டியில் அனுப்பியிருந்த பழைய சேலைகளை உள்ளே வைத்தார். எப்போதும் பழந்துணியைத் துவைத்து, தை மாத வெயிலில் காயவைத்த பிறகுதான் ஊசியை எடுப்பார். அந்த ஒரு தடவை அவசரம். தைத்த பிறகு மேலோடு அலசி, ஸ்டோரில் காயவைக்கப் பொன்னையாவிடம் கொடுத்துவிட்டார். பெட்டியில் வருஷக்கணக்காக அந்துருண்டை கிடந்ததை மறந்தே போனார். பொன்னையாவுக்குச் சளி பிடித்து மூக்கு அடைத்திருந்தது. அடுத்த ஈடு ஏறும்போதும் போர்வை காயவில்லை. பிள்ளைக்குத்தானே என்று மூலையிலேயே தொங்கவிட்டு, கதவைச் சாத்தி, தீ மூட்டிவிட்டார்.

காலையில் முதலாளி வந்து ஒரு காயை நசுக்கி முகர்ந்தார். கம்பத்துக்காரர், உரத்த குரல்.

"ஏய்யா பொன்னையா, இது ஏலக்காயா, எங்க ஆத்தாவோட ட்ரங்குப் பெட்டியா?"

பொன்னையா, தட்டு இறக்க வந்த பெண்கள் மூக்கைச் சுளித்ததுமே விஷயம் புரிந்து, போர்வையை ஏற்கெனவே சாக்குக்குள் மறைத்துவிட்டார். டீச்சர் பெயர் வரக் கூடாது என்று. "நாளைக்கே மலை இறங்கிரு" என்று சொல்லிவிட்டார் முதலாளி. வேலை போனால் லைன் வீடும் போகும். வயிற்றுப் பிள்ளையோடு அந்த மழையில் எங்கே போவது?

பள்ளி மணி அடிப்பதற்கு முன் செய்தி எங்களுக்கு வந்தது. ஸ்டெல்லா டீச்சர் குடையைக்கூட எடுக்கவில்லை. நான் குடையோடு பின்னால் ஓடினேன். ஸ்டோர் வாசலில் எல்லோர் முன்னாலும் நின்று சொன்னார்: "ஐயா, போர்வை என்னுது. அந்துருண்டையும் என்னுது. அவர் மூக்கு அடைச்சிருந்ததுதான் அவர் செஞ்ச தப்பு."

"நீங்க ஒத்துக்கிட்டா வாடை போயிருமா டீச்சரம்மா? திங்கக்கிழமை ஏலம். அங்க நசுக்கிப் பாக்கறவன்கிட்ட உங்களைக் கூட்டிட்டுப் போய் நிறுத்தவா?"

"வாடை போயிட்டா?"

"எப்படிப் போகும்?"

டீச்சர் மேலே பள்ளியைப் பார்த்தார். மலை விளிம்பில் நீண்ட வராந்தா. அன்று காற்று எங்கள் பேச்சையே பிடுங்கிக்கொண்டு போனது.

"ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்பாக. அந்துருண்டை வாடை பறக்காதா?"

யாரோ சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. ஆனால், "ஏலத்துக்கு முந்தின நாள் வரைக்கும்" என்றார்.

சனியும் ஞாயிறும் வராந்தா முழுக்க மூங்கில் பாய். சாரல் அடிக்கும் பக்கம் படுதா கட்டினோம். லைன் வீட்டுப் பெண்களும் நாங்களும் முட்டிபோட்டுக் காயைக் கையால் அளைந்துகொண்டே இருந்தோம். ஈரம் ஏறிவிடாமலிருக்க, சாயங்காலமானால் பொன்னையா அதை ஸ்டோருக்கு எடுத்துப் போய் இளஞ்சூடு கொடுப்பார். மறுநாள் காலை திரும்பவும் பாய். முதல் நாள் முடிவில் வாடை அப்படியே இருந்தது. "போகலைன்னா என்னங்க பண்றது?" என்று கேட்டேன். "முதலாளி வீட்டம்மாகிட்டப் போவேன். அதுவும் ஆகலைன்னா அவுகளை நம்ம குவார்ட்டர்ஸ்ல வச்சுக்கிடுவோம். உங்க கட்டிலைக் கேப்பேன், குடுப்பீகள்ல?" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை. "இது என் சந்தோசத்துக்குத் தைச்சது. அதுக்காக இன்னொருத்தர் வீட்டு அடுப்பு அணையக் கூடாது."

ஞாயிறு மாலை முதலாளி வந்தார். ஒரு காயை நசுக்கினார். இன்னொன்றை நசுக்கினார். மூன்றாவதை வாயில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் மென்றார். பிறகு பொன்னையாவைப் பார்க்காமலே, "அடுத்த ஈட்டை ஏத்து. வேடிக்கை பாத்தது போதும்" என்றார். பொன்னையாவின் மனைவி ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் பாயைச் சுருட்டத் தொடங்கிவிட்டார். அந்த வயிற்றில் இருந்தவள்தான் செல்வி.

அந்தப் போர்வையை டீச்சர் தையல் தையலாகப் பிரித்தார். மழைக்காலம் முழுவதும் துண்டுகள் எங்கள் அறையில் கொடியில் தொங்கின. நான் கேட்டேன், "இனியும் தைப்பீங்களா?" என்று. "ஊசி என்ன பாவம் பண்ணுச்சு? மழைக்குத் தைக்கிற வேலை, வெயிலுக்குத் துவைக்கிற வேலை. நான் மாத்திச் செஞ்சேன், ஊரே நாறிப்போச்சு" என்றார். பிள்ளை பிறந்து, தை வெயிலும் வந்து, துண்டுகள் நன்றாகக் காய்ந்த பிறகுதான் போர்வை மறுபடி உருவானது. அதற்குள் செல்வி குப்புற விழத் தொடங்கியிருந்தாள்.

சில வருஷங்களில் எனக்கு மாற்றல் கிடைத்துக் கீழே வந்துவிட்டேன். அவர் மலையிலேயே இருந்தார். நானும் ஓய்வு பெற்று வெகுநாளாகிறது. அவர் கையால் தைத்த எதுவும் என்னிடம் இல்லை, கேட்கத் தோன்றியதுமில்லை. ஆனால் என்னால் ஒருவருக்குச் சங்கடம் வந்துவிட்டது என்று தெரிந்தால், அவர் தேடி வருவதற்குள் நான் போய்விடுகிறேன். குடை எடுக்க நிற்பதில்லை. அது டீச்சர் கொடுத்தது.

இன்னொன்றும் உண்டு. எங்கள் பக்கம் ஆடி பிறந்தால், கணவாய் வழியாக வரும் காற்று தென்னைகளைப் பிடித்து உலுக்கும், வீடெல்லாம் புழுதி. எங்கள் தெருவில் எல்லோரும் ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள். நான் என் வீட்டு ஜன்னல் அத்தனையையும் திறந்து வைத்துவிட்டு, நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறேன்.