டொக்டரின் சிவப்புக் காரும் இரண்டு சுவிட்சுகளும்

கீக் கீக்

வேலைக்குச் சேர்ந்து ஏழாவது வாரம், முதலாளி என்னைத் தன் மேசைக்கு முன்னால் நிறுத்தி வைத்துக்கொண்டு ஸ்பீக்கரில் போன் பேசினார். மறுமுனையில் டொக்டர் சிவநாதன். நான் அலாம் பூட்டிக் கொடுத்த அவருடைய புதுச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை, சிட்னியின் பரமட்டாவில் அவர் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக் கார் பார்க்கில் வைத்து அன்று காலை எவனோ திறந்துவிட்டான்.

"கண்ணாடி உடைக்கேல்லை, கதவு நெம்பேல்லை. நான் மூண்டாம் மாடி ஜன்னலால பாத்துக்கொண்டு நிக்கிறன். கார் என்னைக் கண்ட மாதிரி ரெண்டு தரம் கீக் கீக் எண்டு கத்தி, லைற்றையும் அடிச்சு, அவனை உள்ள விடுது! செக்யூரிட்டி வந்தபடியால் அவன் ஓடிட்டான். இது அலாமோ, வரவேற்புக் குழுவோ?"

முதலாளி ஜோசப் மலேசியத் தமிழர். படிக்க வந்து, படிப்பை விட்டுவிட்டு, டூங்கபியில் கார் அலாம் கடை போட்டவர். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கோமதி, இந்த டாக்டர் வாய் சும்மா இருக்காதுலா. ஞாயித்துக்கெழம கோயில்ல நின்னு சொல்லுவாரு, திங்கக்கெழம நம்ம கடைக்கு எவனும் வர மாட்டான். நீதானே பூட்டுனே, நீயே சரி பண்ணு. அவருகிட்டேருந்து இன்னொரு கம்ப்ளைன் வந்துச்சுன்னா, ஒனக்கு இங்க வேலை இல்ல."

யாழ்ப்பாணத்தில் எலெக்ட்ரோனிக்ஸ் படித்துவிட்டு, சிட்னிக்கு வந்து பதினொரு மாதம் ஒபிஸ் துடைத்தவள் நான். துடைப்பத்தை வாங்கி வைத்துவிட்டு என் கையில் சோல்டரிங் அயனைத் தந்த முதல் ஆள் ஜோசப். இந்த வேலை போனால் மறுபடி துடைப்பம்தான்.

இரகசியம் தாங்காத மனிதர்

அந்தக் காலத்து ரிமோட்டைப் பற்றி இளையவர்களுக்கு ஒரு வார்த்தை. பொத்தானை அமத்தினால் அது காற்றில் ஒரு இலக்கத்தை அனுப்பும். எப்போதும் ஒரே இலக்கம். பக்கத்துக் காரில் ஒரு சின்னப் பெட்டியோடு உட்கார்ந்திருப்பவன் அதைப் பிடித்து வைத்துக்கொண்டால், டொக்டர் உள்ளே போனபிறகு அதே இலக்கத்தைத் திருப்பி அனுப்பலாம். கார் பாவம், அதற்கு ஆள் வித்தியாசம் தெரியாது.

ஆனால் டொக்டரும் லேசுப்பட்டவர் இல்லை. குழந்தைகள் டொக்டர், தங்கமான மனிதர். அந்தக் கார் விஷயத்தில் மட்டும் அவரே ஒரு குழந்தை. அன்று பின்னேரம் கடைக்கு வந்தவர் பத்து நிமிடத்தில் ஒன்பது தரம் ரிமோட்டை அமத்திக் காட்டினார். இப்படி ஊரெல்லாம் இலக்கத்தை அள்ளி இறைத்தால் கள்ளன் என்ன, காக்காய்கூடப் பிடித்துக்கொள்ளும்.

அமத்தும் ஒவ்வொரு முறையும் இலக்கம் மாறுகிற புது ரிமோட்டைப் போட்டேன். ஸ்டார்ட்டர், ஃபியூவல் பம்ப், இக்னிஷன் மூன்றுக்கும் கரண்டை வெட்டுகிற இம்மொபிலைசர் போட்டேன். சாவியே களவு போனாலும் கார் அசையக்கூடாது என்று, கடைசியாக ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் ஒரு இரகசிய சுவிட்சும் வைத்தேன். அதைப் போடாமல் சாவியைத் திருகினால் கார் ஸ்டார்ட் ஆகாது.

"டொக்டர், இது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்."

"ஓம் ஓம், நான் ஆருக்குச் சொல்லப்போறன், தங்கச்சி?"

ஒரு வயரை எடுக்க உள்ளே போய்த் திரும்பி வருகிறேன், கடையில் காத்திருந்த மூன்று பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு டொக்டர் முழங்காலில் நிற்கிறார். "இஞ்ச குனிஞ்சு பாருங்கோ, ஒரு சாமான் காட்டுறன்."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இவரிடம் இரகசியத்தைக் கொடுப்பதும் கள்ளனுக்குக் கடிதம் போடுவதும் ஒன்றுதான்.

அப்போதுதான் டாஷ்போர்டில் இருந்த பெருவிரல் அளவுப் பித்தளைப் பிள்ளையாரைக் கவனித்தேன். டொக்டருக்கு ஒரு பழக்கம். காரில் ஏறியதும் பிள்ளையாரின் காலடியை இரண்டு விரலால் அமத்தித் தொடுவார், விரலைக் கண்ணில் ஒற்றுவார், பிறகுதான் சாவியைத் திருகுவார். காரைக் கடைக்குக் கொண்டுவந்த ஒவ்வொரு தரமும் பார்த்திருக்கிறேன். ஒருநாளும் தவறியதில்லை.

வேலை முடியவில்லை, நாளைக்கு வாருங்கள் என்று அவரை அனுப்பிவிட்டேன். சீட்டுக்குக் கீழே இருந்த சுவிட்சின் வயர்களை வெட்டினேன். சுவிட்ச் அங்கேயே இருந்தது, போட்டால் அழகாக 'டிக்' என்று சத்தமும் போட்டது, ஆனால் அது எதோடும் தொடுக்கப்படவில்லை. பிறகு பிள்ளையாரைக் கழற்றி, அவர் காலடியில் பட்டாணி அளவு புஷ் சுவிட்ச் ஒன்றை வைத்து, டைமர் ரிலேயோடு தொடுத்தேன். காலடியை அமத்தினால் அரை நிமிடத்துக்கு வழி திறக்கும். அதற்குள் ஸ்டார்ட் பண்ண வேண்டும். ஓடத் தொடங்கிய பிறகு அது குறுக்கே வராது.

டொக்டரிடம் சொல்லவில்லை. முதலாளியிடமும் சொல்லவில்லை. "சாமியோட வெளையாடாதேலா" என்று கத்துவார். பிள்ளையாரிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டேன்.

பதினைந்து பேர்

நான்கு மாதம் ஒரு பிரச்சினையும் இல்லை. ஒருநாள் டொக்டர் கடைக்குள் வந்த வேகத்தைப் பார்த்து, இன்றோடு வேலை போச்சு என்று நினைத்தேன். வந்தவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் கழற்றி மாட்டியிருந்த கோட்டிலிருந்து எவனோ சாவியை எடுத்துக்கொண்டு போய்க் காரில் ஏறியிருக்கிறான். சீட்டுக்கு அடியில் கையை விட்டுச் சுவிட்சையும் போட்டிருக்கிறான். கார் அசையவில்லை. கோபத்தில் சுவிட்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு, சாவியையும் விட்டுவிட்டுப் போய்விட்டான்.

"தங்கச்சி, அவனுக்கு எப்பிடிச் சுவிட்ச் இருக்கிற இடம் தெரிஞ்சது?"

"நீங்கள் ஆருக்காவது சொன்னனீங்களோ?"

"சீச்சீ, ஒருத்தருக்கும் இல்லை." கொஞ்சம் யோசித்தார். "ஒரு பதினைஞ்சு பேர் இருக்கும்."

சுவிட்சைப் போட்டும் கார் ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை என்று அவர் கேட்கவே இல்லை. ஜோசப் என் முதுகில் தட்டிக் கோப்பி வாங்கித் தந்தார். நான் பிடுங்கப்பட்ட இடத்தில் இன்னொரு பொய்ச் சுவிட்சைப் பூட்டிவிட்டு, பெரிய கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

நான் கணக்கில் எடுக்காத நாட்கள்

அந்த மெச்சல் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிவரைக்கும் நின்றது. அப்போது டொக்டர் போன் பண்ணினார்.

"கோமதி, கார் ஸ்டார்ட் ஆகுதில்லை. சீட்டுக்குக் கீழ சுவிட்சை நாலு தரம் போட்டுப் பாத்திட்டன். எனக்குக் கிளினிக்குக்குப் போகவேணும், பிள்ளையள் காத்துக்கொண்டிருக்கினம். ஜோசப்பிட்டச் சொல்லும், நான் அங்க வந்து கதைக்கிறன் எண்டு."

ஜோசப் பக்கத்தில்தான் நின்றார். முகம் கறுத்துவிட்டது. "என்னா, மறுபடியுமா? போ, போய்ப் பாரு. சரியாகலன்னா நீ திரும்பி வர வேணாம்லா."

ஆஸ்பத்திரிக் கார் பார்க்கில் டொக்டர் இடுப்பில் கை வைத்தபடி நின்றார். நான் ஏறி உட்கார்ந்தேன், அவருக்குத் தெரியாமல் பிள்ளையாரைத் தொட்டேன், சாவியைத் திருகினேன். உடனே ஸ்டார்ட் ஆனது. நிறுத்தி, இறங்கி, அவரை ஏறச் சொன்னேன். ஆகவில்லை. மறுபடி நான் ஏறினேன், ஆனது. அவர் ஏறினார், ஆகவில்லை.

"என்ன இது, உமக்கு மட்டும் வேலை செய்யுது?"

மூன்றாம் தரம் அவர் கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். சீட்டுக்குக் கீழே போனது, நேராகச் சாவிக்கு வந்தது.

"டொக்டர், நீங்கள் பிள்ளையாரைத் தொடேல்லை."

"எப்பிடித் தொடுறது? கனடாவில பெரியப்பா காலமாகிட்டார், இப்பத்தான் போன் வந்தது. தொண்ணூற்றிநாலு வயசு. முப்பத்தொண்டாம் நாள் மட்டும் துடக்கெல்லோ, சாமியைத் தொடலாமோ?"

கள்ளனின் பெட்டி, சாவி, அவன் கை போகிற இடம், எல்லாவற்றையும் யோசித்தவளுக்குச் சாவீட்டுத் துடக்கு ஞாபகம் வரவில்லை. அதுவும் ஒரு சைவக் குடும்பத்தில் பிறந்தவளுக்கு! வேறு வழியில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்லும்போதே எனக்கு மறுபடி துடைப்பம் கண்ணுக்குள் தெரிந்தது.

டொக்டர் பிள்ளையாரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்ப இவ்வளவு நாளும் எனக்கே தெரியாமல் நான்தான் பூட்டைத் திறந்தனானோ?"

"ஓம் டொக்டர்."

"சீட்டுக்குக் கீழ இருக்கிறது?"

"அது சும்மா சத்தம் போடும்."

அவர் சுற்றிவரப் பார்த்தார். "வேற ஆருக்குத் தெரியும்?"

"ஒருத்தருக்கும் தெரியாது. முதலாளிக்கும் தெரியாது. நான் இப்பவே வேற இடத்தில மாத்தித் தாறன்."

"வேண்டாம்."

சட்டைப் பையில் கையை விட்டார். பிள்ளைகளின் நாக்கை அமத்திப் பார்க்கிற மரக்குச்சி ஒன்றை எடுத்தார். அதன் நுனியால் பிள்ளையாரின் காலடியை மெல்ல அமத்தினார். சாவியைத் திருகினார். கார் உறுமியது.

"இதால தொட்டால் துடக்கில்லை," என்றார். அந்தச் சட்டத்தை எந்த ஐயர் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

பிறகு தன் மொபைலை எடுத்து, என் முன்னாலேயே கடைக்குப் போன் போட்டார். "ஜோசப், ஒண்டுமில்லை. பற்றறி வயர் லூஸ். இந்தப் பிள்ளை வந்த உடனே கண்டுபிடிச்சிட்டா."

நான் நன்றி சொல்லத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டிவிட்டுக் கிளினிக்குக்குப் போய்விட்டார்.

அந்த வேலையில் பதினான்கு வருடம் இருந்தேன். யாராவது புதிதாகச் சேர்ந்தால் ஒன்றுதான் சொல்வேன்: கள்ளன் எப்படி வருவான் என்று யோசிப்பதில் பாதி நேரத்தையாவது, சொந்தக்காரர் எப்படி வாழ்கிறார் என்று யோசிப்பதில் செலவழியுங்கள். அவருடைய நல்ல நாளும் கெட்ட நாளும் தெரியாமல் ஒரு வயரைக்கூட வெட்டாதீர்கள். ஜோசப் இதை வாசித்தால் உண்மை அவருக்கு இப்போதுதான் தெரியவரும்.

டொக்டர் அந்த இரகசியத்தை மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. மனைவிக்கு அக்கறையும் இல்லை. அரிசி மூட்டை வைக்க இடமில்லாத காரில் அந்த அம்மா ஏறுவதே இல்லை. வருடங்கள் கழித்துக் காரை மெல்போர்னுக்கு ஓட்டிக்கொண்டுபோய் ஒரு வெள்ளைக்காரருக்கு விற்றபோதுதான் டொக்டர் முதன்முதலாக வாயைத் திறக்க வேண்டி வந்தது. அன்று பின்னேரம் எனக்குப் போன் பண்ணினார். சிரிப்பில் வார்த்தை வரவில்லை.

"கோமதி, மனிசனுக்கு எல்லாம் வடிவாக் காட்டிக் குடுத்திட்டன். காலடியை அமத்தவேணும், பிறகு விரலைக் கண்ணில ஒத்தவேணும், ரெண்டும் செய்தால்தான் ஸ்டார்ட் ஆகும் எண்டு சொல்லிப்போட்டன். அந்தாள் அப்பிடியே பக்தியாச் செய்துகொண்டு நோபிள் பார்க் றோட்டால போகுது."