டப்பாவுக்குள் நாலு சீட்டு

கரமனை நீலகண்டனுக்கு மூன்று அண்ணன்மார். பாகம் பிரித்த அன்று வெண்கல உருளி யாருக்கு என்று பேச்சு வந்தது. நாலு பேர் பெயரையும் எழுதிக் குலுக்கிப் போட்டு, வீட்டிலேயே சின்னக் குழந்தையை எடுக்கச் சொன்னார்கள். அது நீலகண்டனின் கடைசிப் பெண் ராஜஸ்ரீ. ஐந்து வயது. எடுத்த சீட்டில் இருந்தது மூத்த பெரியப்பா பெயர். நீலகண்டன் உருளியைத் தானே தூக்கிக்கொண்டு போய் அண்ணன் வீட்டில் வைத்துவிட்டு வந்தார். சீட்டு என்றால் அந்த வீட்டில் அப்படி.

அந்த ராஜஸ்ரீ வளர்ந்து, அந்த மலையாள ஊரில் சாலை என்ற கடைத்தெருப் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளியில் ஏழாம் வகுப்பு டீச்சரானாள். பதினாறு பிள்ளைகள், நாலு லேப்டாப். ஒன்றுக்கு நாலு பேர் என்று உட்கார வைத்தால், ஒருவன் மவுஸைப் பிடித்துக்கொள்வான், மற்ற மூன்று பேர் வேடிக்கை பார்ப்பார்கள். இதற்கு அவள் ஒரு வழி கண்டாள். குழுவில் ஆளுக்கு ஒரு நம்பர். பாடம் முடிந்ததும் பிஸ்கட் டப்பாவைக் குலுக்கி ஒரு சீட்டு எடுப்பாள். அந்த நம்பர்க்காரர் எழுந்து, குழு செய்ததை முழுக்க விளக்க வேண்டும். அவருக்குக் கிடைக்கும் மார்க்தான் நாலு பேருக்கும். யாருக்கு வரும் என்று தெரியாததால், எல்லாரும் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தாக வேண்டும்.

வருஷ நடுவில், ஒரு பிள்ளை பள்ளி மாறிப் போன இடத்தில் வந்து சேர்ந்தாள் அனுஷா. திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை. அப்பா வன்னியராஜ் கட்டிட வேலைக்காரர். திரையில் வருவதெல்லாம் மலையாளம். அவளுக்கோ ஓர் எழுத்து தெரியாது. நம்பர் நாலு. முதல் இரண்டு தடவை நாலு வந்தபோது அவள் வாயே திறக்கவில்லை. குழுவுக்கே முட்டை.

"எடீ, இனி சாப்பாட்டு நேரத்துல என்கூட இரி. நான் பறஞ்சு தரேன்," என்றான் அதே குழுவின் இரண்டாம் நம்பர் அஜின். சாலைக் கடைத்தெருவிலேயே பிறந்தவன், மலையாளம் தண்ணீர் பட்ட பாடு.

"நீ தமிழும் மலையாளமும் கலந்து பேசுறதே எனக்கு வெளங்கலியே, நீயா சொல்லிக்குடுக்கப் போற?" என்றாள் அவள். ஆனாலும் உட்கார்ந்தாள்.

அந்தக் குழு பள்ளி முற்றத்தில் பெய்த மழையைத் தினமும் அளந்து, கம்ப்யூட்டரில் அட்டவணை போட்டு, படமாக்கியது. திரையில் வரும் மலையாளச் சொற்களை அனுஷா உள்ளங்கையில் தமிழில் எழுதிக்கொண்டு திரிந்தாள். இரண்டு மாதத்தில் தடுக்கித் தடுக்கியேனும் முழுக்கச் சொல்லத் தேறிவிட்டாள்.

அப்போதுதான் இந்த முறையைப் பார்க்க அதிகாரிகள் வருவதாகச் செய்தி வந்தது. மழைக்குழுவைக் காட்டுவது என்று முடிவானது. "யாராவது உளறினா நமக்குத்தான் நாணக்கேடு, டீச்சரே," என்றார் ஹெட்மாஸ்டர்.

அன்று பெரியவர்கள் நாற்காலியில் இருக்க, ராஜஸ்ரீ டப்பாவைக் குலுக்கினாள். பிரித்த சீட்டில் நாலு. முன் பெஞ்சில் இருந்த அனுஷா அதைப் பார்த்துவிட்டு, பெஞ்சில் கையூன்றி எழப் போனாள்.

"ரெண்டு," என்றாள் ராஜஸ்ரீ.

அஜின் எழுந்து பேசினான். கைதட்டினார்கள். அனுஷா எழுந்த பாதியிலேயே உட்கார்ந்துவிட்டிருந்தாள்.

வந்தவர்கள் போனதும் அஜின் மேஜைக்கு வந்தான். "டீச்சரே, சீட்டுல நாலுன்னு அனுஷா பறயுறா. ரெண்டு நாளா நான் எனக்குன்னு ஒண்ணுமே நோக்கல. அவளுக்குத்தான் சொல்லிக் கொடுத்துட்டிருந்தேன்."

அவன் பின்னால் அவளும் நின்றிருந்தாள்.

"அவ சரியாப் பார்த்திருக்க மாட்டா," என்றாள் ராஜஸ்ரீ.

முதல் பொய் வாய் தவறி வந்தது என்றாவது வைத்துக்கொள்ளலாம். இதை அப்படி வைத்துக்கொள்ள அவளால் இன்றுவரை முடியவில்லை.

பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். அடுத்த வாரத்திலிருந்து எந்தக் குழுவிலும் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. நன்றாகப் பேசுகிறவன் மட்டும் படித்தால் போதும் என்று புரிந்துகொண்டார்கள். ராஜஸ்ரீ டப்பாவைப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்து எடுக்கச் சொல்லிப் பார்த்தாள். ஒருநாள் நாலு வந்தது. அனுஷா எழுந்து, "அஜினே சொல்லட்டும் டீச்சர்," என்று சொல்லி உட்கார்ந்தாள்.

வருஷக் கடைசியில் பள்ளி அடைத்ததும் வன்னியராஜ் டி.சி. வாங்க வந்தார். வித்துராவில் வேலை கிடைத்திருந்தது.

"ஒங்களப் பத்தித்தான் வீட்ல எப்பவும் பேச்சு, டீச்சர்," என்றார். "எம்புள்ள பொய் சொல்ல மாட்டா. ஒருநா வந்து ஒரே அழுவ. என்னட்டின்னு கேட்டா, நான் சீட்டத் தப்பாப் பாத்துட்டு டீச்சர் மேல பழி போட்டுட்டேன்ப்பான்னு சொன்னா. சின்னப்புள்ள, மனசுல வச்சுக்காதீங்க."

பக்கத்து நாற்காலியில் ஹெட்மாஸ்டர். ராஜஸ்ரீ வாயைத் திறந்தாள். "நன்னாப் படிக்கச் சொல்லுங்கோ," என்பதுதான் வந்தது. ஜன்னல் வழியே பார்த்தபோது, கேட்டருகில் நின்ற அனுஷா அப்பாவிடமிருந்து காகிதத்தை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து அம்மா சாவித்ரியிடம் எல்லாம் சொன்னாள்.

"ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாமேடி. கேட்டுக்கு எத்தனை தூரம் இருக்கும்?"

"முப்பது அடிகூட இருக்காதும்மா," என்றாள் ராஜஸ்ரீ.