கண்டாக்கையாவுக்கும் அதே துணி

1. பலகை கழற்றுமுன்

ஐம்பதுகளின் இறுதியில், இலங்கை மலையகத்தின் இராகலைக் கடைவீதியில் ஒரு துணிக்கடையில் விற்பனையாளனாக இருந்தேன். ஒரு திங்கட்கிழமைக் காலை, கதவுப் பலகைகளை முழுவதும் கழற்றுமுன்பே, பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் கண்டாக்கு உள்ளே வந்தார். தோட்ட நிர்வாகியான துரைக்கு அடுத்தபடியாக மலைவேலையை மேற்பார்ப்பவரைத் தோட்டத்தில் அவ்வாறு அழைப்பர். கையிலிருந்த சிவப்புத் துணித்துண்டை மேசைமேல் எறிந்தார்.

"இது ஒங்க கடைத் துணிதானே?"

"ஆம்" என்றேன்.

"சங்கத்துக்காரன் எவன் வந்து வாங்கினான்? பேரச் சொல்லு."

அன்று விடிகாலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் களத்தில், கொழுந்தெடுக்கும் பெண்கள் ஏறத்தாழ அனைவரும் தலையில் ஒரே சிவப்புத் துணியுடன் நின்றிருக்கின்றனர். அண்டைத் தோட்டத்தில் தொழிற்சங்கம் நடத்திய வேலைநிறுத்தம் முடிந்து நெடுநாள் ஆகவில்லை. ஆகவே துரையின் கண்ணுக்கு அது துணியாகத் தெரியவில்லை, கொடியாகத் தெரிந்தது. துணியை வழங்கியவர் மாரியாயி என்னும் கைம்பெண். அவரை ஆபீசில் நிறுத்தி வைத்திருப்பதாகவும், அன்றே பற்றுச்சீட்டுக் கொடுத்து அனுப்பிவிடப் போவதாகவும் கண்டாக்கு சொன்னார். பற்றுச்சீட்டு என்றால் வேலையும் போகும், தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இருக்கும் அறையும் போகும். முந்தைய நாள் மகளுக்கு மணம் முடித்த பெண்மணி அவர்.

வாங்கியவர் மாரியாயிதான், சங்கத்தார் எவரும் கடைப்படி ஏறவில்லை என்றேன். துரை முன்னால் வந்து சொல் என்று அவர் என்னை இழுத்துக்கொண்டு நடந்தார். வழியில் என் மனம் மாறிவிடும் என்று எண்ணியிருக்கக்கூடும். கடை முதலாளியான இசுலாமியப் பெரியவர் வாயில்வரை வந்தார். "போங்க தம்பி. கடையையும் நெனச்சுக்கிட்டுப் பேசுங்க" என்றார். தோட்டத்து உத்தியோகத்தர் வீடுகளின் வணிகம் எங்களுக்குப் பெரிது என்பதை அவர் அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

2. எதைக் கொடுப்பது

அந்தத் துணி தேர்ந்தெடுக்கப்பட்ட கதையை இங்கே சொல்லியாக வேண்டும். துணிக்கடையில் பணியேற்கும் இளைஞர்க்கு இது பயன்படும்.

அக்காலத்தில் தோட்டத்து மணவிழாக்களில் விருந்தினரை வழியனுப்பும்போது கையில் கொடுப்பது இருவகைப்படும். கண்டாக்கு, கிளாக்கர், பெரிய கங்காணி முதலியோர்க்கு பிஸ்கட் தகரம் அல்லது கண்ணாடிக் கோப்பை. லயத்து மக்களுக்கு வெற்றிலையும் பாக்கும். இதை முறை என்றே எல்லாரும் ஏற்றுக்கொண்டிருந்தனர்.

மாரியாயி அந்த முறையை ஏற்கவில்லை. கைப்பொருள் மிகக் குறைவு. ஆயினும் வருவோர் எல்லார்க்கும் ஒன்றே கொடுக்க வேண்டும் என்றார். நான் சிமிழ் காட்டினேன். திறந்து மூடிப் பார்த்துவிட்டு, இரண்டு நாளில் மூடி கழன்றுவிடும் என்றார். சீப்பு காட்டினேன், எல்லார் வீட்டிலும் இருக்கிறதாம். சிறு கண்ணாடிப் படம் ஒன்றை எடுத்தேன்.

"அத மாட்டறதுக்கு லயத்துல செவரு எங்கண்ணே இருக்கு? ஒரு காம்பராவுக்குள்ள ரெண்டு குடும்பம் கெடக்கு" என்று சிரித்தார்.

பின் அவரே தம் தலையைத் தொட்டுக் காட்டினார். கொழுந்துக் கூடையின் கயிறு உச்சந்தலையில்தான் தங்கும். கூடை நிறைய நிறையக் கயிறு அழுந்தும். அதற்கு அடியில் மடித்து வைக்கப் பெண்கள் கிழிந்த சேலைத் துண்டையே பயன்படுத்தி வந்தனர். அதற்கென்று புதுத்துணி எவரும் வாங்கியதில்லை. தமக்கென்று ஒருவர் வாங்கத் தயங்குவதும், கிடைத்தால் மறுநாளே எடுத்துப் பயன்படுத்துவதும் எதுவோ, அதுவே குறைந்த செலவில் நிறைந்த அன்பளிப்பு. இந்த இலக்கணத்தை நான் அன்றுதான் அறிந்தேன்.

கோயில் திருவிழாவுக்கென்று தருவித்து மீந்துபோன கெட்டிச் சிவப்புத் துணி ஒரு கட்டு கடையில் கிடந்தது. மங்கல நிறம், விலையும் தணிவு. தலைக்கு அளவாக வெட்டி, ஓரம் மடித்துத் தைத்துக் கொடுத்தோம். உத்தியோகத்தர்க்கு மட்டுமேனும் வேறு ஏதாவது வைக்கலாமே என்று முதலாளி சொல்லிப் பார்த்தார்.

"அவங்களும் எம்மக கல்யாணத்துக்குத்தானே வர்றாங்க, மொதலாளி? வேற கல்யாணத்துக்கா வர்றாங்க?" என்றார் மாரியாயி.

3. ஆபீசு வாயிலில்

ஆபீசுக்கு வெளியே பெண்கள் கூடைகளுடன் நின்றனர். ஒருவரும் துணியை அவிழ்த்திருக்கவில்லை. மாரியாயி படியருகே நின்றார். துரை என்னைப் பார்த்து, "செவப்புத் துணி யார் வாங்கினது? சொல்லு" என்றார். துரைமார் தோட்டத்தில் பழகிய தமிழ் அது.

நான் அப்போது இலக்கண நூல்களை ஊன்றிக் கற்றுக்கொண்டிருந்தேன். "மணவிழாவுக்கு வருகை தந்தோர்க்கு அன்பின் அடையாளமாக வழங்கப்பெற்ற பொருள் இது, பிறிதொரு நோக்கம் இதற்கில்லை" என்று நிமிர்ந்து நின்று சொன்னேன். துரைக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. கண்டாக்கு பக்கம் திரும்பினார். என் ஒரு வாக்கியத்துக்குக் கண்டாக்கு ஆங்கிலத்தில் பல வாக்கியம் சொன்னார். என் வாயில் வராத 'யூனியன்' என்னும் சொல் அவர் மொழிபெயர்ப்பில் இருமுறை வந்தது. அவ்வாறு நான் சொல்லவில்லை என்று உரக்க மறுத்தேன். வாயை மூடு என்றார் கண்டாக்கு.

அப்போது மாரியாயி ஒரு படி மேலே ஏறினார்.

"தொரைங்களே, இது எம்மக கல்யாணத்துக்கு நாங் குடுத்த துணி. கண்டாக்கையாவுக்கும் இதே துணிதான் குடுத்தேன். ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டாங்க. இது சங்கத்துக் கொடின்னா, ஐயாவும் நேத்தே சங்கத்துல சேந்துட்டாங்கன்னுதானே ஆவுது?"

இந்தத் தமிழ் துரைக்கு நன்றாகவே விளங்கியது. பெண்களிடையே சிரிப்பு எழுந்து, முந்தானைகளுக்குள் அடங்கியது. வாங்கியது மெய்யா என்று துரை கேட்டார். கண்டாக்கு மேசைமேல் எறிந்த துண்டு எவர் தலையிலிருந்தும் பறித்ததன்று, அவருக்கே கிடைத்த துண்டு என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. "யெஸ் சார்" என்றார் அவர், தரையைப் பார்த்து.

பற்றுச்சீட்டு எழுதப்படவில்லை. நேரம் கடந்ததற்காக எல்லாப் பெண்களுக்கும் அரைநாள் பேர், அதாவது கூலி, வெட்டப்பட்டது. அந்த அநீதியை நான் இன்றும் மறக்கவில்லை. நாளை இந்தத் துணி வேண்டாம் என்று துரை சொல்லி எழுந்தார்.

"நாளைக்கும் கூடை அதே கூடைதானுங்களே, தொர. கயிறும் அதேதான்" என்றார் மாரியாயி. மறுநாளும் பெரட்டுக்களம் சிவப்பாகவே இருந்தது. வெயிலிலும் மழையிலும் நிறம் மங்கி, நைந்து கிழியும்வரை அவர்கள் அதையே அணிந்தனர்.

4. இரண்டு தரம் இல்லை

கண்டாக்கு வீட்டார் அதன்பின் எங்கள் கடைக்கு வரவில்லை. வேறு சில உத்தியோகத்தரும் வருவதை நிறுத்திக்கொண்டனர். பின்னர் உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மணவீட்டார் வரத் தொடங்கினர். மாரியாயி கொடுத்த மாதிரித் துணி வேண்டும் என்று கேட்டனர். முதலாளி அடுத்த கட்டுக்கு ஆள் அனுப்பினார்.

அவர்களுள்ளும் சிலர், லயத்துக்குத் துணியும் பெரியவர்களுக்கு வேறு ஏதேனும் உயர்ந்ததும் வேண்டும் என்பர். விருந்தினரைத் தரம் பிரித்தால், செலவிட்ட அத்தனையும் வீண். குறைந்ததைப் பெற்றவர் அதை மறப்பதில்லை. நிறைந்ததைப் பெற்றவர் அதை நினைப்பதில்லை. ஒரு மணவிழாவுக்கு ஒரு பொருள்தான் எடுத்துத் தருவேன் என்று சொல்லிவிடுவேன். சிலர் சினந்து, வலப்பனைக் கடைகளில் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் படியிறங்குவர்.

இறங்கியவர் ஒருவரையும் நான் திரும்ப அழைத்ததில்லை.