ஆமென் வரைக்கும்

எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. உலையில் அரிசி போட்டால் வேகுமுன் பத்துத் தடவை மூடியைத் திறந்து பார்க்கிறவள் நான். அப்படிப்பட்டவள் கையில் போய் மாட்டியது எங்கள் நாய்.

எழுபதுகளில் ஒரு கோடை விடுமுறை. சித்தூரில் எங்கள் தெருமுனையில் திரும்பிய மாங்காய் லாரி அதன் இடுப்பில் இடித்துவிட்டுப் போனது. முன்னங்கால்கள் நடந்தன, பின்னங்கால்கள் ஈரத்துணி மாதிரி இழுபட்டன. நானும் நைனாவும் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) அதைக் கூடையில் வைத்து, பஸ் ஏறித் திருப்பதி கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சந்திரகிரி தாண்டும்வரை கண்டக்டர் தெலுங்கில் முணுமுணுத்தார். நானும் தெலுங்கிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

எலும்பு முறியவில்லை, நரம்பில் அடி என்றார் டாக்டர். கால்களை மடக்கி நீட்டுவது, வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் நிறுத்துவது, வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தாங்கி நடத்துவது, எல்லாம் செய்து காட்டினார். நான் அதற்குள் இரண்டு தடவை குறுக்கிட்டுவிட்டேன். "தொந்தர வத்தம்மா" என்றார். அவசரம் கூடாதாம். அது தானாக எழப் பார்த்தால் யாரும் கை வைக்கக் கூடாதாம்.

திரும்பும்போது பஸ்ஸில் நைனா சொன்னார்: "ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள நின்னுட்டா சரி. நீ பாடம் நடத்தப் போயிட்டா யாரு இத்த பாத்துக்கினு இருப்பாங்க? நிக்கலன்னா ஊசி போட்டு முடிச்சுடலாம்மா. இழுத்துக்கினு கெடக்கறதுக்கு அது மேல்."

அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். அவர் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் கோபம் வந்தது.

மறுநாளிலிருந்து நாய்க்கும் நிம்மதியில்லை, எனக்கும் இல்லை. காலையில் மடக்கி நீட்டினேன், மத்தியானம் தொட்டியில் இறக்கினேன், வெயில் தாழ்ந்ததும் துண்டைக் கட்டி முற்றத்தைச் சுற்றினேன். அது கொஞ்சம் முக்கி எழப் பார்த்தாலே, எங்கே விழுந்துவிடுமோ என்று பாய்ந்து தூக்கிவிடுவேன். டாக்டர் சொன்னது காதில் விழாமல் இல்லை. கை கேட்கவில்லை.

இதற்கு நடுவே நைனாவின் சாயங்கால ஜெபம் வேறு நீண்டுகொண்டே போனது. முன்பெல்லாம் ஐந்து நிமிஷத்தில் ஆமென் வந்துவிடும். இப்போது சபையிலுள்ள நோயாளிகள், வரதய்யபாளையத்துச் சொந்தக்காரர்கள், மழை, மந்திரிகள் என்று ஒருவரையும் விடாமல் வேண்டினார். நாயைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. கண்ணை மூடி முழங்காலில் நின்றபடி பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம், அவர் வேண்டுதல் வரதய்யபாளையத்துச் சொந்தக்காரர்களிடம் வந்து சேர்ந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. ஜெபத்தில் கண் திறப்பது எங்கள் வீட்டில் பொய் சொல்வதற்குச் சமம். திறந்துவிட்டேன்.

மூலையில் சாக்கின்மேல் நாய் நாலு காலில் நின்றுகொண்டிருந்தது. பின்னங்கால்கள் வெடவெடவென்று நடுங்கின. நான் எழப்போனேன். நைனாவின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. திரும்பினால், அவர் கண்ணும் திறந்திருந்தது. நாயையே பார்த்தபடி, குரல் மாறாமல், "கர்த்தாவே, அவர்கள் கிணற்றில் தண்ணீர் ஊறச் செய்யும்" என்று வேண்டிக்கொண்டிருந்தார்.

நாய் அடுப்பங்கரைப் பக்கம் ஓரடி வைத்தது. இன்னோர் அடி வைத்தது. பிறகு தானாகவே மெதுவாக உட்கார்ந்தது. அதற்கப்புறம்தான் அவர் ஆமென் சொன்னார்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "எத்தினி நாளா நைனா?"

"பத்து நாளா நிக்குது. நீ கிட்ட வராத நேரம் இது ஒண்ணுதான?"

"எனக்கு ஏன் சொல்லல? ஊசி ஊசின்னு செத்துக்கினு இருந்தனே."

நைனா பாயைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "சொல்லியிருந்தா, நீ ஜெபத்துலகூட கண்ண மூடியிருக்க மாட்டியே."