பூந்தமல்லியில் எங்களுக்காகக் காத்திருந்த குழி

எம்.பி.ஏ. மாணவர்களைச் சமூகச் சேவைக்கு அழைத்துப் போக யோசனை கேட்டு ஒரு விரிவுரையாளர் எழுதியிருந்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நானும் அப்படிப் போனவன்தான். சேவைக்குப் பத்து மதிப்பெண். எங்களுக்குச் சேவை மனப்பான்மை பொங்கி வழிந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

வேலப்பன்சாவடியில் காலை எட்டரைக்குப் பேருந்து. பூந்தமல்லி ஐந்து கிலோமீட்டர், டிக்கெட் ஒரு ரூபாய். அங்கிருந்து நெடுஞ்சாலையோரமாக இரண்டு கிலோமீட்டர் நடை. ஐந்து பேர், ஐந்து மரக்கன்று, ஒரு பேனர், கழுத்தில் டை. அந்த வெயிலில் டை எதற்கு என்று கேட்காதீர்கள், சார் கட்டச் சொன்னார்.

நாங்கள் போக வேண்டிய காலனியின் முனையில், அங்கே குடியிருக்கும் எஸ்தர் அக்கா நின்றிருந்தார். அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. எங்களுக்காக அரை நாள் லீவு போட்டிருந்தார்.

"எந்தக் காலேஜு? கன்னு நடவா, சர்வேயா?"

"ரெண்டும்க்கா" என்றேன்.

"அப்ப மொதல்ல நட்டுடுங்க. குழி ரெடியா கீது. போட்டோவுக்கு இந்தாண்ட நில்லுங்க. அந்தாண்ட நின்னா மூஞ்சில நெயலு உழும்."

முன்பும் யாரோ வந்து நட்டிருக்கிறார்கள் என்று புரிந்தது. போன தடவை நட்ட கன்றுகள் என்னவாயின என்று கேட்டேன்.

"ஊத்தத் தண்ணி எங்க கீது? காஞ்சிச்சு, ஆடு துன்னுச்சு. அதே குழிதான்."

கைபம்பு கெட்டு இரண்டு வருடமாம். தண்ணீருக்கு நெடுஞ்சாலையைத் தாண்ட வேண்டும். அக்காவின் மகள்தான் குடத்தோடு போய்வருவாள். போன மாதம் லாரி உரசிக் குடம் நசுங்கிவிட்டது, பிள்ளை மயிரிழையில் தப்பியிருக்கிறது. அதற்குப் பிறகும் தினமும் அவள்தான் போகிறாள்.

"பஞ்சாயத்து ஆபீஸ்ல சொல்லலியாக்கா?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "அதான் நீங்கல்லாம் வந்து எய்திகினு போறீங்களே! நாலு காலேஜு எய்திகினு போயிருக்கு. மேல குடுத்திருப்பீங்கன்னுதானே கம்முனு கீறோம்?"

அந்த நாலில் ஒன்று எங்கள் கல்லூரி. அந்த அறிக்கை எங்கள் நூலக அலமாரியில் அழகாக பைண்டு செய்து கிடந்தது. "கைபம்பு பழுது" என்ற வரியை நானே படித்திருக்கிறேன்.

கன்றுகளை அங்கேயே வைத்துவிட்டு அக்காவோடு பஞ்சாயத்து ஆபீசுக்கு ஓடினோம். அங்கிருந்தவர், "அந்தக் காலனியா? புகாரே வர்லியே தம்பி. பம்பு நல்லா ஓடுதுன்னுல்ல நெனச்சோம்" என்றார். அக்கா எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மனுவில் கையெழுத்துப் போட்டார். அதே வாரம் மெக்கானிக் வந்தார். ஒரு மணி நேர வேலைதான். கன்று நடவில்லை, போட்டோ இல்லை என்று எங்களுக்குப் பத்துக்கு மூன்று.

போகிறவர்களுக்கு: மாலை நான்குக்கு முன் திரும்பிவிடுங்கள், ஷிப்ட் விட்டால் பேருந்தில் கால் வைக்க முடியாது. குடிக்கத் தண்ணீர் நீங்களே கொண்டுபோங்கள். சர்வே தாளை எடுக்கும் முன், இது மதிப்பெண்ணுக்கு மட்டும்தான், எந்த ஆபீசுக்கும் போகாது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்ல நா கூசினால் போகவே போகாதீர்கள். நாங்கள் யாருமே போகாமல் இருந்திருந்தால், பம்பு கெட்ட வாரமே எஸ்தர் அக்கா அந்த ஆபீஸ் வாசலில் போய் நின்றிருப்பார்.