பாடும் கம்பம்

எங்கள் வீட்டில் ஒரே ஒரு சட்டம்தான். மழைத் தண்ணீரில் நடக்கும்போது எந்தக் கம்பத்தையும் தொடக் கூடாது. யாராவது கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு துடித்தால், அது அம்மாவாகவே இருந்தாலும், கையால் இழுக்கக் கூடாது. காய்ந்த கட்டையால் அடித்துத் தள்ள வேண்டும். சடையங்குப்பத்தில் முழங்கால் தண்ணீரில் என் தம்பி விளக்குக் கம்பத்தைப் பிடித்து, கரண்ட் அடித்துச் செத்துப்போன நாளிலிருந்து இந்தச் சட்டம்.

அப்படி வளர்த்த பிள்ளையை, ராயபுரத்தில் ஒரு பழைய கிடங்குக்கு, தொட்டால் பாடும் கம்பங்களைப் பார்க்கக் கூட்டிப்போனேன். ஏதோ கலைக் கண்காட்சி, இலவசம். ஆளுயர இரும்புக் குழாய்கள், உள்ளே ஸ்பீக்கர். கைவைத்தால் ஒன்று வீணையாக, ஒன்று தவிலாக ஒலித்தது. பிள்ளைகள் ஓடி ஓடித் தொட்டார்கள். என் பத்து வயது மகள் மட்டும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். இந்தப் பயம் நான் ஊட்டியது. இன்றைக்கே அதைப் போக்கிவிட வேண்டும் என்று ஒரு வீம்பு.

"மத்த புள்ளைங்கள்லாம் தொட்டுகினு கீதுங்க, நீ இன்னாடி பயந்துகினு நிக்கிற?"

"அப்போ நீ தொடும்மா."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். கை போகவே மாட்டேன் என்றது. மூன்று எண்ணிவிட்டுப் பிடித்தேன். குழாய் அடித்தொண்டையில் உறுமியது. அதிர்வு தோள்வரை ஏற, என்னையறியாமல் அலறிவிட்டேன். விரல்கள் இறுகிக்கொண்டன.

அடுத்த நொடி முழங்கையில் பளீரென்று ஓர் அடி. சுவரோரம் கிடந்த துடைப்பக் கட்டையை இரண்டு கையாலும் ஓங்கியபடி மகள் நின்றாள். இரண்டாவது அடியில் கீழே விழுந்தேன். கிடங்கே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. கிட்டே வராமல் தள்ளி நின்றே கத்தினாள்.

"யம்மா, உசுரோட கீறியா?"

"கீறேன்டி," என்றேன். அழுகை வந்துவிட்டது. தம்பி துடித்த அன்று ஐந்தடி தள்ளி நின்று கத்தத்தான் எனக்குத் தெரிந்தது.

கம்பங்களைக் கவனித்துக்கொண்டிருந்த பெண் ஓடிவந்து, "சின்ன பேட்டரிதான்க்கா, ஒண்ணும் ஆவாது. ரெண்டு பேரும் சேந்து தொடுங்க," என்றாள். மகள் என் முகத்தைப் பார்த்தாள். நான் சரி என்றால் தொட்டிருப்பாள்.

வேண்டாம் என்றேன். மழைக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது. எங்கள் தெருக்கோடிக் கம்பத்தில் ஒயர் வெளியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.